தேர்வானவர்

“அது என்னடி கவர்?” என்று கேட்டாள் யாசுயோ.

“எது? ஓ, இதுவா? கரண்ட் பில்.” தொமிகோ தன் வீட்டுச் செருப்பு அலமாரி மேல் கிடந்த கவரை எடுத்துக் குப்புறப் போட்டாள்.

ஆனால் யாசுயோ பார்த்துவிட்டாள். ‘குலுக்கலில் தேர்வானவருக்கு’ என்று சிவப்பில் அச்சடித்திருந்தது. பக்கத்தில் ஸ்கேட்டிங் பூட்ஸ் படம்.

தைத்துக் கொண்டுவந்த கோட்டைக் கொடுத்துவிட்டு, டீ கூடக் குடிக்காமல் தெருவைத் தாண்டித் தன் கடைக்கு வந்துவிட்டாள்.

டிக்கெட் விழுந்ததா என்று முந்தாநாள்தான் போனில் கேட்டிருந்தாள். “எனக்கும் விழலடி” என்று கூசாமல் சொன்னாள் தொமிகோ. நாற்பத்தைந்து வருஷச் சிநேகிதி.

ஹச்சினோஹே ஊரில் யாசுயோவின் தையல் கடையைத் தெரியாதவர்கள் குறைவு. ஸ்கேட்டிங் வீராங்கனை ஹோனாமி ஏழு வயதில் பனித்தரையில் முதன்முதலாகப் போட்டிக்கு இறங்கியதிலிருந்து இன்றுவரை, அவள் போட்ட ஒவ்வொரு உடையும் யாசுயோ கைப்படத் தைத்ததுதான். பதினைந்து வருஷம். ஆனால் ஒரு போட்டியைக்கூட நேரில் பார்த்ததில்லை. சீசன் சமயத்தில்தான் கடையில் வேலை குவியும். அடுத்த தடவை, அடுத்த தடவை என்று தள்ளிக்கொண்டே வந்துவிட்டாள்.

இனி அடுத்த தடவை கிடையாது. இந்த சாம்பியன்ஷிப்போடு ஹோனாமி விலகுகிறாள். அதுவும் சொந்த ஊரிலேயே போட்டி.

“அத்தை, இந்தத் தடவையாவது வந்துடுங்க. கடைசி உடையை நீங்க பார்க்காம யார் பார்க்கறது?” என்றாள், அளவு கொடுக்க வந்த அன்று.

கொரோனா குறுக்கே வந்தது. மூவாயிரம் இருக்கையில் ஐந்நூறு பேருக்குத்தான் இடம். வீராங்கனையோடு பயிற்சியாளரும் அம்மாவும் மட்டும் உள்ளே போகலாம். மற்றவர்களுக்குத் தபால் அட்டையில் குலுக்கல். ஆளுக்கு ஒரு அட்டை, ஒரே டிக்கெட்.

யாசுயோவுக்கு விழவில்லை.

தொமிகோவுக்கு விழுந்திருக்கிறது. ஸ்கேட்டிங் என்றாலே, “விழுந்தாங்களா, விழலையா, அது ஒண்ணுதான் எனக்குப் புரியும்” என்று சிரிக்கிறவளுக்கு.

இப்போதெல்லாம் ஹோனாமி எங்க ஊர்ப் பொண்ணு என்று சொல்லிக்கொள்ள எல்லாருக்கும் ஆசைதானே? தொமிகோ மட்டும் என்ன விதிவிலக்கு? மறைத்ததுதான் யாசுயோவுக்குத் தாங்கவில்லை.

அன்று முழுக்கத் தையல் கோணலாகவே போனது. பிரித்துப் பிரித்துத் தைத்தாள். கடைசியில், ‘தேர்வாகவில்லை’ என்று தனக்கு வந்த கடிதத்தை எடுத்தாள். பின்பக்கம் கொரோனா விதிகள்: வெளியூரிலிருந்து வந்தவரை வீட்டில் தங்கவைத்தவர்களுக்கு அனுமதியில்லை. கீழே போன் நம்பர்.

“விதியை மீறி ஒருத்தர் வரப் போறாங்க. அதைச் சொல்லலாமா?”

“சொல்லுங்க மேடம்.” இளைஞன் குரல்.

தொமிகோவின் பெயரையும் முகவரியையும் சொன்னாள். “போன ஞாயித்துக்கிழமை அவங்க பொண்ணு டோக்கியோலேருந்து வந்திருந்தா.”

“அவங்க வீட்டுல தங்கினாங்களா? தங்கியிருந்தாத்தான் விதி மீறல்.”

கடை ஜன்னல் வழியே யாசுயோ எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். அந்தப் பெண் கேட்டுக்கு வெளியேயே நின்றாள். பையை மதில்மேல் வைத்தாள். பத்து நிமிஷம் எட்டி நின்று பேசிவிட்டு, அம்மாவின் கையைக்கூடத் தொடாமல் போனாள்.

“ஆமா. தங்கினாங்க.”

“உங்க பேரு?”

“பேரு வேண்டாமே. ஊர் நல்லதுக்காகச் சொல்றேன்.”

போனை வைத்தாள். ஊர் நல்லதுக்குத்தான் என்று தனக்கும் ஒருதடவை சொல்லிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் தொமிகோ கடைக்கு வந்தாள். மாஸ்க்குக்கு மேலே கண் இரண்டும் சிவந்திருந்தன.

“யாசுயோ, உன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். அன்னிக்கு நீ பார்த்தது கரண்ட் பில் இல்ல. டிக்கெட் விழுந்த கடிதம்.”

யாசுயோ மெஷினை நிறுத்தவில்லை. “அப்படியா? நல்லாப் போய்ப் பாரு.”

“நான் போய் என்னடி பார்க்கப் போறேன்? உன்னோட நானும் ஒரு அட்டை போட்டா ஒண்ணாவது விழாதா, உனக்கு ஆகுமேன்னுதான் போட்டேன். விழுந்த அன்னிக்கே உன் பேருக்கு மாத்திக் கொடுங்கன்னு மனு எழுதி அனுப்பிட்டேன்.”

மெஷின் நின்றது.

“ஒத்துக்குவாங்களான்னு தெரியல. முன்னாடியே சொல்லி, அதுவும் இல்லேன்னு ஆயிட்டா நீ தாங்கமாட்டே. அதான் மூச்சுவிடல. மாத்தித் தர்றோம்னு போன்ல சொல்லிட்டாங்க. அப்புறம் நேத்துக் கூப்பிட்டு, டிக்கெட்டே ரத்துங்கறாங்க. என் பொண்ணு என்கூடத் தங்கினாளாம். யாரோ புகார் சொல்லியிருக்காங்க. இல்லேன்னு எவ்வளவோ சொன்னேன். இந்தச் சமயத்துல சந்தேகம் வந்தாலே அனுமதிக்க முடியாதாம்.”

யாசுயோ மெஷினிலிருந்து துணியை உருவினாள்.

“உனக்குப் பார்க்கக் கொடுத்துவைக்கல. என்னை மன்னிச்சுடுடி” என்று தலை குனிந்தாள் தொமிகோ. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“புகார் சொன்னது யாருன்னு கேட்டேன், சொல்லமாட்டேன்னுட்டாங்க. அதுவும் நல்லதுதான். தெரிஞ்சா, எனக்காக நீ அவங்களைச் சும்மா விடமாட்டே.”