மரத்தடிப் பழம்

ரெத்தினவேலின் தலைத்திவசத்தன்று காலையில், அவன் வேலை பார்த்த அரபு நாட்டுப் பாலைவனத் தோட்டத்திலிருந்து பேரீச்சம்பழப் பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது.

எண்ணெயை யாரும் வாங்காமல் போனதிலிருந்து அந்த நாடு பழத்தைப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்துதான் பிழைக்கிறது. மணலுக்கு உரம் வேண்டும். அதனால் அங்கே இறக்கும் தொழிலாளியின் உடலை ஊருக்கு அனுப்பாமல் ஒரு மரத்தடியில் சேர்த்துவிடுவார்கள். அதற்குப் பின் அந்த மரம் தரும் முதல் அறுவடை, கொட்டை நீக்கி, பாதாம் வைத்து, அவன் வீட்டுக்கு வரும்.

அவன் தம்பி சிற்றரசு பெட்டியைப் பிரித்துப் படையல் இலையில் பழங்களை அடுக்கினான்.

"வேண்டாம் தம்பி," என்றாள் பூங்கோதை. "அவரையே அவருக்குப் படைக்கிறதா?"

"அண்ணனுக்குப் பிடிச்சது இதுதானே அண்ணி."

சூடம் காட்டி முடிந்தது. படைத்ததை வீட்டார் சாப்பிட்டாக வேண்டும். சிற்றரசு ஒன்றை வாயில் போட்டு மென்றான். பூங்கோதை தன் பங்கைக் கையிலேயே வைத்திருந்தாள்.

அப்போது போன் அடித்தது. ஸ்பீக்கரில் கம்பெனிப் பெண் கனிவாகப் பேசினாள்.

"பழம் வந்துச்சுங்களா மேடம்? இனிப்பு எப்படி இருக்குங்க?"

பூங்கோதை கையிலிருந்த பழத்தை இலை ஓரத்தில் வைத்தாள்.

"சாரோட மரம் நல்லா காய்க்குதுங்க. பக்கத்து மரம்தான் நோஞ்சானா நிக்குது. உங்க வீட்ல வேற யாராவது வேலைக்கு வர்றாங்களா மேடம்?"

சிற்றரசு வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கினான். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினான்.

"தம்பி பேசுறேங்க. பாஸ்போர்ட் ரெடியா இருக்கு."