நாலாம் மாடிக் கயிறு

கயிறு பாதிதான் மேலே வந்தது.

தஸ்லீமா பால்கனியில் நின்று மறுபடி இழுத்துப் பார்த்தாள். நுனியில் இருக்க வேண்டிய க்ளிப்பைக் காணோம், வீட்டு நம்பர் எழுதிய அட்டையையும் காணோம். யாரோ கத்தியால் ஒரே வெட்டாக அறுத்திருந்தார்கள்.

பர்மாவில், இந்தத் தாமுவே பேட்டையில், லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கயிறு தெருவரை தொங்கும். கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும். தண்ணீர்க்காரர், பேப்பர்காரர், மருந்து கொண்டு வருகிறவர் எல்லாருக்கும் அதுதான் வழி.

இன்று மத்தியானத்திலிருந்து மணிச் சத்தமே இல்லை. அதனால்தான் முழுசாக இரண்டு மணி நேரம் தூங்கியிருக்கிறோம் என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அக்கா, ஆக்ஸிஜன் சிலிண்டர் வந்துச்சா?"

"இன்னும் இல்லையே" என்றாள் அம்சவேணி, ஸமீராவை மெல்ல ஒருக்களித்துப் படுக்க வைத்தபடி.

அம்சவேணி வீட்டுக்கே வந்து கவனிக்கும் நர்ஸ். வியாழன்தோறும் இன்சீனிலிருந்து, நகரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் வந்து, இரண்டிலிருந்து ஐந்து வரை இருப்பாள். பர்மிய வழக்கப்படி ஸமீராவுக்கு அவள் 'சயாமா'. டீச்சருக்கும் அதே பேர்தான். அதற்கேற்ப போன வாரம் பிள்ளையின் கையைப் பிடித்து அரைமணி நேரம் ஏதோ பாடம் எழுத வைத்துக்கொண்டிருந்தாள்.

ஸமீராவுக்கு ஒன்பது வயது. தசைகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்துகொண்டே வரும் நோய். குணமாகாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இரவெல்லாம் இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் போட வேண்டும். வாப்பாவுக்குக் கப்பலில் வேலை. ஆக, தஸ்லீமாவுக்குத் தூங்கக் கிடைப்பது வாரத்தில் இந்த மூன்று மணி நேரம்தான். அதிலும் படுத்த ஐந்தாம் நிமிஷம் மணி அடிக்கும். அம்சவேணி எவ்வளவு சொன்னாலும் தஸ்லீமா கேட்கமாட்டாள், எழுந்து ஓடுவாள்.

"சிலிண்டர்காரன் இழுத்து இழுத்துப் பார்த்துட்டுப் போயிருப்பான்! ராத்திரி கரண்ட் போனா என் புள்ள எதை வெச்சு மூச்சு விடும்?"

ஸமீரா சட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது யார் வேலைன்னு எனக்குத் தெரியும்!"

கீழே மளிகைக்கடை ரஹ்மத்துல்லாதான். 'எப்பப் பாரு டிங் டிங்னு. மனுஷனைக் கண்ணசர விடுறீங்களா?' என்று கட்டடத்துக்கே கேட்கும்படி கத்துகிற ஆள்.

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, தஸ்லீமா. படு. சண்டையை அஞ்சுக்கு மேல வெச்சுக்கலாம்" என்றாள் அம்சவேணி.

அதற்குள் தஸ்லீமா இரண்டு மாடி இறங்கியிருந்தாள்.

"ரஹ்மத்துல்லா நானா! எங்க வீட்டுக் கயிறை அறுத்தது யாரு?"

ரஹ்மத்துல்லா தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான்தான்."

'எனக்கென்ன தெரியும்' என்பார், அதற்கு இப்படித் திருப்பிக் கொடுக்கலாம் என்று படியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்தது வீணாகிவிட்டது.

"ஏன் அறுத்தீங்க?"

"சத்தம்."

"நோயாளிப் புள்ள இருக்கற வீடுன்னு தெரியாதா? ஒரு மணிச் சத்தம் உங்களுக்குப் பாரமாப் போச்சா? நீங்க அல்லாவுக்குப் பயந்த மனுஷன்தானா?"

வெங்காயம் வாங்க வந்த இரண்டு பர்மியப் பெண்கள், ஒரு வார்த்தை புரியாமலே தஸ்லீமா கட்சியில் சேர்ந்து அவரை முறைத்தார்கள்.

"இன்னும் இருந்தா அதையும் சொல்லிடு, தங்கச்சி" என்றார் அவர்.

சொன்னாள். கல்நெஞ்சுக்காரர் என்பது வரைக்கும் போய்விட்டாள்.

டிங்!

சத்தம் கடைக்குள்ளிருந்து வந்தது.

"வந்துட்டான்!" என்று ரஹ்மத்துல்லா தராசை விட்டுவிட்டு வெளியே ஓடினார். முட்டிவலிக்காரர் ஓடி அவள் பார்த்ததே இல்லை.

வாசலில் சிலிண்டர்காரன். நாலாம் மாடி அட்டையைப் பிடித்து இழுத்தபடி நின்றான்.

"லேட்டாக்கிட்டியேப்பா. மெல்ல இறக்கு. மேல ஏத்த ஆள் சொல்லி வெச்சிருக்கேன்."

தஸ்லீமா திரும்பிப் பார்த்தாள். கயிற்றின் மறுபாதி பெயர்ப்பலகைக்குப் பின்னால் நுழைந்து, கடைக்குள் தொங்கிய ஒரு புது மணியில் முடிந்திருந்தது. அதன் கீழே தண்ணீர் கேன், மருந்துக் கடைப் பை, பேப்பர். எல்லாம் அவள் வீட்டுச் சாமான்.

அப்பாடா என்று இருந்தது. அப்படியே அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் மணிக்குப் பக்கத்து ஆணியில் குத்தியிருந்த தாள் கண்ணில் பட்டது. நோட்டிலிருந்து கிழித்த தாள். பர்மிய எழுத்து கோணல்மாணலாக ஓடியது. பேனா பிடிக்க முடியாத அந்தக் கையின் எழுத்து அவளுக்குத் தெரியாதா? போன வார 'பாடம்' இதுதானா!

"மாமா, சயாமா வர்ற நாள்ல எங்க கயிறை அறுத்து உங்க கடையில கட்டுங்க. உம்மா தூங்கணும். அஞ்சு மணிக்குத் திரும்ப முடிச்சுப் போட்டுடுங்க. நான் சொன்னேன்னு உம்மாகிட்ட சொல்லாதீங்க, அழுவாங்க."

அழத்தான் செய்தாள். ஆனால் அதற்கும் கீழே, தாளின் ஓரத்தில் இருந்த கடைசி வரிக்கு வந்ததும் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அவள் இப்படிச் சிரித்து எத்தனையோ மாதமாகிவிட்டது.

"உம்மா கண்டுபிடிச்சுட்டா, திட்டை மட்டும் நீங்க வாங்கிக்குங்க மாமா."