தலைகீழ் முகம்

மார்ச் 12, அக்ரா. இன்றைய தவறு: மாலைக் கலை வகுப்பில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

ஓபிரி மாஸ்டர் தன் புதிய படைப்பைக் காட்டினார். சாவு அறிவிப்புத் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தடித்திருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மீனவத் தலைவரின் முகம் தலைகீழாகத் தெரிந்தது.

"நாப்பது நாள் தியானம். ஒரு மூச்சுக்கு ஒரு தாள்னு நானே ஒட்டினேன்."

"முகம் ஏன் மாஸ்டர் தலைகீழா இருக்கு?" என்று பக்கத்தில் இருந்த மாணவி எஸி கேட்டாள்.

"செத்தவனுக்கு உலகமே தலைகீழ்தானேம்மா! கண்ணை மூடினப்போ அப்படித்தான் தெரிஞ்சுது."

அங்கேதான் சிரித்தேன்.

"ஃபீஃபி! நீயெல்லாம் பசை காய்ச்சத்தான் லாயக்கு. இனிமே இந்தப் பக்கம் வராதே!"

ஆறு மாதம் காத்திருந்து கிடைத்த இடம் போய்விட்டது. ஆனால் அவர் தெரியாமல் சொன்னது உண்மைதான். பகலில் மரவள்ளிப் பசை காய்ச்சிச் சாவு அறிவிப்பு ஒட்டுவதே என் பிழைப்பு. அந்தத் தலைவரைப் பேருந்து நிலையச் சுவரில் தலைகீழாக ஒட்டியவன் நான்தான். மறுநாள் திருத்தப் போனபோது, பல வருடத் தாள்களோடு சேர்த்து யாரோ உரித்துப் போயிருந்தார்கள்.

நாளைய வேலை: அதே சுவரில் மாஸ்டரின் முகம் போட்ட கண்காட்சி அறிவிப்பை ஒட்ட வேண்டும். தலைகீழாக.