பெட்டிக்குள் செல்லோ

வயலினுக்குப் பெரியண்ணனான செல்லோவுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. பெரிய இசைக்குழுவில் அது வருஷக்கணக்கில் வாசித்துவந்த மெட்டை, எலெக்ட்ரிக் கிட்டார் தன் ராக் பாட்டில் சேர்த்துக்கொண்டிருந்தது.

"ஆரம்பத்துல வந்து நாலு இழுப்பு இழுத்துட்டுப் போங்கன்னு சொன்னே. வந்தேன். இப்ப அதையும் நீயே வாசிக்கப்போறியாமே?"

"கோவிச்சுக்காதீங்கண்ணே. வேகமா வாசிச்சாத்தான் கூட்டம் ஆடுது. நீங்க பெட்டிக்குள்ள ஓய்வெடுங்க."

"அது நிதானமா அழற மெட்டுடா! அதைப் போய் இப்படி அலற விடுறியே!"

கிட்டார் சிரித்துக்கொண்டே மேடையேறியது. "இந்தக் கூச்சலை எவன் கேப்பான்?" என்று செல்லோ பெட்டிக்குள் முனகிக்கொண்டே கிடந்தது.

பாதிப் பாட்டில் கரண்ட் போனது. கிட்டார் ஊமையானது. மைதானமே திகைத்து நின்றபோது, கூட்டத்தில் ஒருத்தி அந்த மெட்டை மெல்ல முணுமுணுத்தாள். பக்கத்தில் இருந்தவன் சேர்ந்துகொண்டான். கொஞ்ச நேரத்தில் மைதானம் முழுக்கப் பாடியது, செல்லோ வாசிப்பதுபோலவே நிதானமாக.

செல்லோ பெட்டிக்குள் காதைத் தீட்டிக்கொண்டு அதைக் கேட்டது. பிறகு பெட்டியே குலுங்கக் கத்தியது:

"டேய் கிட்டார், மூணாவது வரியில எல்லாருக்கும் சுருதி போகுதுடா! யாரையாவது கூப்பிட்டு இந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லித் தொலை!"