உப்புப் பார்த்தவள்

பருப்பு அண்டாவின் மேல் குனிந்திருந்த நிர்லேப் கௌர், கரண்டியை வாயில் வைத்துவிட்டாள்.

கனடாவில், அபட்ஸ்ஃபோர்டு சீக்கிய குருத்வாராவின் அடுக்களையில் ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்த கைகளெல்லாம் அப்படியே நின்றன. மேலே கூடத்தில் அர்தாஸ் பிரார்த்தனை இன்னும் ஆகவில்லை. குருவுக்குப் படைத்துப் பொதுப்பந்தியில் பரிமாறும் லங்கர் சாப்பாட்டில் அதற்கு முன் யாரும் வாய் வைப்பதில்லை. ஆயுசு முழுக்க இங்கே சமைத்தவர்கள்கூட கண்ணால்தான் உப்புப் பார்ப்பார்கள்.

"பரவாயில்லம்மா, நீ புதுசுதானே, உனக்கென்ன தெரியும்" என்றாள் சர்ப்ஜீத். மற்றவர்களும் சிரித்துத் தலையாட்டினார்கள்.

நிர்லேபின் முகம் விழுந்துவிட்டது.

புதுசு, புதுசு என்று சொல்லியே இரண்டு வருடத்தை ஓட்டிவிட்டோம். லிண்ட்சேயாக இருந்தவள் சீக்கிய தீட்சையான அமிர்தம் எடுத்து நிர்லேப் ஆனதிலிருந்து அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினோம். விழா தவறாமல் மேடையேற்றிக் காவித்துணி போர்த்திக் கௌரவித்தோம். முடி வெட்டிக்கொண்ட எங்கள் பையன்களை இழுத்து வந்து, வெள்ளைக்காரிக்கு இருக்கிற புத்தி உனக்கு இல்லையே என்று காட்டினோம். அவள் ரொட்டிக்கட்டையைத் தொட்டால் பிடுங்கிக்கொண்டு மைக்கைக் கொடுத்தோம்.

வீட்டுக்கு வா, ஒரு வாய் டீ குடி என்று மட்டும் ஒருத்தரும் கூப்பிடவில்லை.

அவள் மதம் மாறிய அன்றே பெற்ற அம்மா போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். போன வாரம் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தவளை நாங்கள் மரியாதையாக எழுப்பி அனுப்பியபோது, என்னிடம் கேட்டாள்: "அக்கா, நான் எப்பதான் இங்க விருந்தாளியா இல்லாம இருப்பேன்?"



கொத்தமல்லிக் கட்டோடு உள்ளே வந்த குர்மேஜ் பெரியம்மாவின் காதுக்குச் சங்கதி போனது. மூன்று மருமகள்களைத் தனிக்குடித்தனம் கிளப்பிய வாய் அது.

"ஏண்டி, குருவுக்கு முன்னாடி உனக்கென்ன நாக்கு? பெத்தவ ஒண்ணும் சொல்லிக்கொடுக்கலையா? மூஞ்சியைப் பாரு. போய் அத்தனை அண்டாவையும் தேய். ஒண்ணு விடக்கூடாது, சொல்லிட்டேன்."

அடுக்களை ஆடிப்போயிற்று. இவள் கோபித்துக்கொண்டு போய்விட்டால் அடுத்த விழாவுக்கு மேடையில் யாரை நிறுத்துவது என்று சர்ப்ஜீத் முணுமுணுத்தாள்.

"சரி பெரியம்மா" என்று துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு நிர்லேப் தொட்டியடிக்குப் போனாள். அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அழத்தான் செய்தாள். கூடவே சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

அர்தாசுக்கு முன் உப்புப் பார்க்கக் கூடாது என்று ஞாயிறு வகுப்பில் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

பக்கத்தில் நின்ற எனக்கு இன்னொன்றும் தெரியும். அவள் வாயில் வைத்த கரண்டி பருப்பைத் தொடவே இல்லை. காய்ந்துதான் இருந்தது.

நான் மூச்சு விடவில்லை. சொன்னால் மறுபடியும் பாராட்டத் தொடங்கிவிடுவார்கள்.