மெஷின் கத்திய இடம்

மண் சரிந்து மாணிக்கவேலை மூடிய பிறகு, தங்கத்துக்காக அவனோடு அந்தக் குழியைத் தோண்டிக்கொண்டிருந்த யாரும் அங்கே மண்வெட்டியை வைக்கவில்லை. அவன் மனைவி புஷ்பராணி ஒவ்வொருவர் காலிலும் விழுந்தாள். "ஈர மண்ணும்மா, தொட்டா நாங்களும் உள்ள போயிருவோம். அதுதான் அவனுக்குச் சமாதின்னு நெனச்சுக்க" என்றார் கூட்டத்துக்குத் தலைவரான ஆரோக்கியம்.

மழை விடுவதற்குள் அவர் தங்கம் இருக்குமிடத்தைக் காட்டும் மெஷின் ஒன்றை வாங்கிவந்து, மலைச்சரிவெங்கும் அதைப் பிடித்துக்கொண்டு அலைந்தார். புஷ்பராணி அவரிடம் போனாள். "அண்ணே, அந்தப் பழைய குழி மேல ஒரு தடவ வச்சுப் பாருங்க."

வைத்ததும் மெஷின் விடாமல் கத்தியது. ஈர மண்ணைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எல்லோரும் இறங்கி வேர்க்க விறுவிறுக்கத் தோண்டினார்கள். மாணிக்கவேலின் கடப்பாரைதான் வந்தது. "சீ, இரும்பு" என்று அதை வீசிவிட்டு ஆரோக்கியம் மேலே ஏற, மற்றவர்களும் ஏறிவிட்டார்கள்.

புஷ்பராணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள்.

"மண்ணு சரியும், மேல வாம்மா" என்றார் ஆரோக்கியம் மேலேயிருந்து.

மண்வெட்டி அங்கேயே கிடந்தது. அவன்மேல் பட்டுவிடுமே என்று, அவள் விரல்களாலேயே மண்ணை மெல்ல விலக்கத் தொடங்கினாள்.