கடைசி இருபது பக்கம்

"ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்தின கதை, தம்பி. எடுத்தா கீழ வைக்க மனசு வராது!"

தையல்கார அம்மா சொன்னது அப்படியே பலித்துவிட்டது. அவர் கொடுத்த புத்தகத்தை, சாப்பிடும்போதுகூட விடாமல் படித்த அந்தத் தம்பி, இன்று காலை வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார்.

"அம்மா, எதிரிப் படை வாசல்ல நிக்குது, கோட்டைக் கதவை உள்ளேயிருந்து யாரோ திறக்குறாங்க. ராணியா, தளபதியா? அதுக்கப்புறம் பக்கத்தையே காணோமே!"

"நான்தான் தையலைப் பிரிச்சு எடுத்து வீட்டுல வச்சிருக்கேன். தொழிலே அதானே!"

"அநியாயம்மா! கடையில கேட்டா, புத்தகம் இப்ப அச்சுலயே இல்லைங்கறாங்க. யாருன்னு மட்டுமாவது சொல்லுங்களேன். மண்டை வெடிக்குது!"

"சாயந்திரம் சொல்றேன்."

"இப்பவே சொன்னா என்னவாம்?"

"அதெப்படி? நான் கண்ணு முழிச்சு, வாயைத் திறந்து சொன்னாத்தான் உங்களுக்கு முடிவு தெரியணும்."

"பொல்லாத ஆளும்மா நீங்க!" என்று சிரித்தபடியே கையுறையை மாட்டிக்கொண்டார், அந்த அம்மாவின் இதயத்தில் கத்தி வைக்கப்போகும் டாக்டர். பிறகு மயக்க மருந்து கொடுப்பவர் பக்கம் திரும்பினார்.

"பார்த்துக் குடுங்க சார். இந்தம்மா எனக்குக் கண்டிப்பா வேணும்!"